பூஜ்யம் புள்ளி நான்கு

லேசர் வைத்தது ஒன்று இருந்தது,
கண்ணாடிப் பேழைக்குள், பூட்டு போட்டு.
அந்த விலைக்கு
என் டொயோட்டாவையே இன்னொரு முறை வாங்கலாம்.
மிச்சத்தில் இரண்டு டயரும்.

குமிழி மிதக்கும் பழைய மானி ஒன்றை
ஸெய்னாயோகியில் யாரோ விற்கிறார்கள் என்றாள் ஸைமி.
போகவர இருநூறு கிலோமீட்டர்.
கைபேசி போதுமே என்றான் உர்ஹோ.
அவனுடைய கைபேசியின் முதுகில்
கேமரா கொப்புளம்போலப் புடைத்திருக்கிறது.
சக்கரத்தில் சாய்த்தால்
முதலில் தன் கூனைத்தான் அளக்கும்.

கடைசியில் மரச்சாமான் கடையில்
கதவுக் கீல்களுக்கும் பிசின் குழாய்களுக்கும் நடுவே
தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிதாக,
அடியில் காந்தம், முகத்தில் எண்கள்:
பத்தொன்பது யூரோ.
அலமாரி மாட்டவா என்றாள் கடைக்காரி.
ஆமாம் என்றேன்.
முன்சக்கரம் தலைசாய்க்கும் கோணத்தைப் பற்றி
எனக்குப் பின்னால் ஆறு பேர் நிற்கும்போது
பேச முடியாது.

கொட்டகையில் மைனஸ் பதினொன்று.
இரும்பு விளிம்பில் பெட்டியை நீட்டினேன்,
டக்கென்று கவ்விக்கொண்டது.
ஒன்று புள்ளி ஏழு.
முன்பின்னாகத் திருப்பி வைத்தேன்.
இரண்டு புள்ளி ஐந்து.
அதே சக்கரம், அதே நிமிடம்.

பத்தொன்பது யூரோ! என்று சிரித்தான் உர்ஹோ.
சிரித்து முடிக்கட்டும் என்று
இன்னொரு முறை வைத்தேன். ஒன்று ஏழு. இரண்டு ஐந்து.
பத்து முறை வைத்தேன்.
ஒன்று ஏழு. இரண்டு ஐந்து.
நாளுக்கொரு பொய் சொல்கிறவனோடு
ஒன்பது வருடம் குடித்தனம் நடத்தியவள் நான்.
இது அப்படியில்லை.
காலையிலும் ராத்திரியிலும் ஒரே பொய்,
பூஜ்யம் புள்ளி நான்கு.
கரித்துண்டால் சுவரில் எழுதினேன்:
திருப்பி வை. கூட்டு. பாதியாக்கு.

அடுத்த பொய்யன் தரை.
உருளைக்கிழங்கு கழுவ யாரோ போட்ட சிமென்ட்,
வடிகால் பக்கம் அரை டிகிரி சரிவு.
சமையலறையில் பெயர்த்த லினோலியத்தை நறுக்கி
வலது சக்கரங்களுக்கு அடியில் ஆறாறாக அடுக்கினேன்.
பன்னிரண்டு மில்லிமீட்டரில்
கிடைத்துவிட்டது சமதளம்.

பிறகு அரம்.
போல்ட் துளை அரிசி அரிசியாக நீண்டது.
இடம்: மூன்று.
வலம்: மூன்று.
கையுறையைக் கழற்றி
விரலை வாயில் வைத்துக்கொண்டேன்.

மே மாதம், சேறு, நான்காம் இடம்.
வளைவுகளில் வண்டி
சொன்ன சொல் கேட்டது.
எங்கள் பந்தயத்துக்கு ஒரு விதி உண்டு:
ஓடிய வண்டியை யார் கேட்டாலும்
குறித்த விலைக்குக் கொடுத்தாக வேண்டும்.
அதனால்தான் எங்களில் ஒருவரும்
லேசர் பக்கம் போவதில்லை.
ஏழு பேர் கேட்டார்கள்.
சீட்டு வென்லாவுக்கு விழுந்தது,
பத்தொன்பது வயது, புருவத்தில் சேறு.
டிரெய்லரில் ஏறும்போது
என் டொயோட்டா கொஞ்சம் வலது பக்கம் இழுத்தது.
இல்லை, நான்தான் சாய்ந்து நின்றேன்.

ராத்திரி அவளிடமிருந்து ஒரு படம்.
இருக்கையின் அடிக்கம்பியில் ஒட்டிக்கிடந்ததாம்,
இப்போது அவள் சக்கரத்தில் இருந்தது.
"இது பழுதா? ஒரு பக்கம் 2.6, திருப்பினால் 3.4."

பழுதில்லை, அதன் சுபாவம்.
கூட்டிப் பாதியாக்கு.

நான் அப்போது
சீட்டில் எனக்கு விழுந்த ஓப்பலின் பக்கத்தில்
நைலான் நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு
ஆட்டம் அடங்கக் காத்திருந்தேன்.
பதினான்கு அங்குல விளிம்பென்றால்
டிகிரிக்கு ஆறு மில்லி, கொஞ்சம் கூட.
இதற்குச் செலவு ஒன்றுமில்லை,
கதவிடுக்கில் காற்று வராமல் இருந்தால் சரி.

"திருப்பித் தரட்டுமா?"

வேண்டாம், வைத்துக்கொள் என்று அடித்தேன்.
நூல் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.
அழித்துவிட்டு
பத்து யூரோ என்று அனுப்பினேன்.